எல்லாக் கூண்டிலும் ஒரே கறை

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை முற்பகலில், மேலப்பாளையத்தைச் சேர்ந்த முஃபீதா என்னும் ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் உள்ள வழக்கறிஞர் விஜயஸ்ரீயின் அலுவலகத்திற்கு வந்தாள். மறுநாள் காலையில் அவள் பயிலும் மருந்தியல் கல்லூரியில் விசாரணைக் குழு கூடவிருந்தது. அவளுடைய ஆய்வு பொய்யானது என்று அந்தக் குழு முடிவு செய்தால், அவளது ஆய்வுப் பதிவு நீக்கப்படும். வேறெந்தக் கல்லூரியும் அவளைச் சேர்த்துக்கொள்ளாது. நிலைமை இவ்வளவே. இதில் மிகைப்படுத்த ஒன்றுமில்லை.

விஜயஸ்ரீ அவள் சொன்னதைப் பாதிவரை கேட்டுவிட்டு எழுந்து உள்ளறைக் கதவைத் தட்டினார். அந்த அறையில் பூதத்தான் இருந்தார். அரசுத் தடய அறிவியல் கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றி, விருப்ப ஓய்வு பெற்றவர். வழக்கறிஞருக்கு விளங்காத வழக்குகளை விளங்கச் செய்வது இப்போது அவர் தொழில்.

"அண்ணாச்சி, இது களவுமில்ல, கொலையுமில்ல. எலி கேஸு" என்றார் விஜயஸ்ரீ.

"எலியும் செத்துத்தானே போயிருக்கும், வக்கீலம்மா? உள்ள வரச் சொல்லுங்க."

முஃபீதா நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தாள். அழுது முடித்துவிட்டு வந்தவளின் குரல் அது. நடுக்கம் இல்லை, உயிர்ப்பும் இல்லை.

"டாக்சோரூபிசின்னு ஒரு மருந்து இருக்கு சார். புற்றுநோய்க்குக் குடுக்கது. பாக்கதுக்கு நல்ல சிவப்பா இருக்கும். அது புற்றையும் கொல்லும், இருதயத்தையும் கிட்னியையும் சேர்த்துக் கெடுக்கும். கூடவே மருதம்பட்டைச் சத்தைக் குடுத்தா அந்தக் கெடுதல் குறையுமான்னு எலிகிட்ட பாக்கதுதான் என்னோட வேலை."

"எப்படிப் பார்ப்பீர்கள்?"

"எலிகளை மூணு பிரிவா வைப்போம். முதல் பிரிவுக்கு மருந்தும் கிடையாது, பட்டையும் கிடையாது. ரெண்டாவதுக்கு மருந்து மட்டும். மூணாவதுக்கு மருந்தும் பட்டைச் சத்தும். கடைசியில இருதயத்தையும் கிட்னியையும் எடுத்துப் பாப்போம். போன வருஷம் செஞ்சப்போ ரெண்டாம் பிரிவு கெட்டுப் போயிருந்துச்சு. மூணாம் பிரிவு பெரும்பாலும் தப்பிச்சிருச்சு. கட்டுரையும் வெளியாச்சு. அதையே திரும்பச் செஞ்சு காட்டச் சொன்னாங்க. இந்த வருஷம் பொங்கல் முடிஞ்சதும் தொடங்கினேன். வெளியூர்ல இருந்து வந்த நிபுணர் முன்னாடிதான் ஊசி போட்டேன். மருந்துக் குப்பியைக்கூட அவரே திறந்தாரு."

"முடிவு?"

"மூணாம் பிரிவு நல்லா இருந்துச்சு. ரெண்டாம் பிரிவும் நல்லா இருந்துச்சு சார். கெட்டே ஆகணும், கெடல. அப்படின்னா போன வருஷம் கெட்டதாக் காட்டினது பொய்யின்னு சொல்லுதாங்க."

விஜயஸ்ரீ குறுக்கிட்டார். "அது மட்டுமில்ல அண்ணாச்சி. சுந்தர்னு கூடப் படிக்கிற பையன் ஒருத்தன். முதல் பிரிவுக் கூண்டுல சிவப்புக் கறை பாத்தேன்னு எழுதிக் குடுத்திருக்கான். மருந்தே போடாத கூண்டுல சிவப்பு எப்படி வரும்? இவ ஊசியை மாத்திப் போட்டுட்டாளாம்."

"நான் மாத்திப் போடல. கறை இருந்தது உண்மைதான். கூண்டுக்குள்ள பரப்பியிருந்த மரச்சீவல்ல, தண்ணிப் பாட்டில் சொட்டுத இடத்துல இருந்துச்சு. மருந்து குடுத்த எலிக்குச் சிறுநீர் சிவப்பாப் போகும். அதனால மத்த கூண்டுல பாத்தப்போ நானும் பெருசா எடுத்துக்கல. முதல் பிரிவுல எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல."

பூதத்தான், "உங்கள் மீது இரண்டு குற்றச்சாட்டுகள், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. ஊசியை மாற்றிப் போட்டிருந்தால், முதல் பிரிவு எலிகள் கெட்டிருக்க வேண்டும். கெட்டனவா?" என்றார்.

"இல்ல சார். அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்படியானால் அந்தச் சிவப்பு மருந்தின் சிவப்பு அன்று. உங்கள் வழிகாட்டி யார்?"

"பேராசிரியர் பாலசுப்பிரமணியன் சார். எலியை நோகாமப் பிடிக்கதுக்குச் சொல்லிக் குடுத்ததே அவுகதான். குழு முன்னாடி எனக்காகப் பேசுதேன்னு சொல்லியிருக்காக."

விஜயஸ்ரீயின் காரில் மூவரும் புறப்பட்டனர். கொக்கிரகுளம் பாலத்தில் போக்குவரத்து நின்றது. கீழே தாமிரபரணி, டிசம்பர் வெள்ளத்தில் தான் செய்தது எதையும் அறியாததுபோல் மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. கரையில் வேரோடு சாய்ந்த மருத மரங்களின் அடிக்கட்டைகள் மண்ணை வாரிப் பிடித்தபடி கிடந்தன. நடுமரங்களை அறுத்து எடுத்துப் போயிருந்தனர்.

"ஆறு போற போக்குல ஒவ்வொரு வீட்டு அடுக்களையையும் எட்டிப் பாத்துட்டுப் போச்சு, அண்ணாச்சி. எங்க வீட்டுல அரிசிப் பானைவரைக்கும் பாத்துச்சு" என்றார் விஜயஸ்ரீ.

பூதத்தான் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லூரி பேட்டையைத் தாண்டி மேற்கே இருந்தது. ஆய்வு விலங்குகளை வைத்திருக்கும் கட்டடம் பின்புறம், இரண்டே அறைகளுடன் தனியாக நின்றது. முஃபீதாவின் சோதனை நடந்த முதல் அறை காலியாக இருந்தது. எலிகள் இல்லை. கழுவிய கூண்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தாங்கும் இரும்பு அடுக்குகள் பளிச்சென்று சாம்பல் நிறத்தில் இருந்தன. புதிய பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை.

இரண்டாம் அறை சுந்தருடையது. மெலிந்த, கண்ணாடி அணிந்த இளைஞன். அதே மருந்தை வைத்து வேறொரு மூலிகையை அவன் ஆராய்ந்துகொண்டிருந்தான். அங்கே இரும்பு அடுக்குகள் துருவேறிச் செதில் செதிலாக உரிந்திருந்தன. கூண்டுகளில் நெல் உமி பரப்பியிருந்தது. மருந்து மட்டும் பெற்ற எலிகள் மயிர் சிலிர்த்து, ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. முஃபீதா அவற்றைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இவற்றுக்கும் அவளுடைய எலிகளுக்கும் ஒரே தீனியா?" என்று பூதத்தான் கேட்டார்.

"ஒரே மூட்டை. ஒரே தண்ணித் தொட்டி. மருந்தும் ஒரே பெட்டியில வந்ததுதான்" என்றான் சுந்தர். விஜயஸ்ரீ தன்னை முறைப்பதைக் கண்டு, "நான் பாத்ததைத்தான் எழுதிக் குடுத்தேன், மேடம். பாக்காததை எழுதல" என்று சேர்த்துச் சொன்னான்.

"பாத்ததும் அவகிட்ட வந்து கேட்டிருக்கலாம்லா? ஒரே கட்டடத்துலதான இருக்கிய?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

அப்போது பேராசிரியர் பாலசுப்பிரமணியன் வந்தார். தும்பைப்பூ வெள்ளையில் சட்டை, நெற்றியில் திருநீறு. முஃபீதாவைக் கண்டதும், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். பூதத்தானிடம் மரியாதையாகக் கைகுவித்தார்.

"இந்த அறையில் உமி, அந்த அறையில் மரச்சீவல். ஏன்?" என்றார் பூதத்தான்.

"வெள்ளத்தில் அரிசி ஆலைக் கிட்டங்கி மூழ்கி உமியெல்லாம் நனைந்துவிட்டது. இருந்த உமி, முன்பே தொடங்கிய சுந்தரின் சோதனைக்குத்தான் போதுமானதாக இருந்தது. எதில் தொடங்கினோமோ அதிலேயே முடிப்பது எங்கள் வழக்கம். அதனால் முஃபீதாவுக்கு மட்டும் அஃப்சல் ஏதோ ஒரு மில்லிலிருந்து சீவல் வாங்கி வந்தான். எந்த மில், என்ன மரம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கூண்டுக்கு அடியில் பரப்புவதுதானே? மூன்று பிரிவுக்கும் ஒன்றேதான். எல்லாருக்கும் பொதுவானது கணக்கில் வராது."

"ஆமா சார். பொதுவானதுன்னுதான் நானும் அதைப் பத்தி யோசிக்கவே இல்ல" என்றாள் முஃபீதா.

பூதத்தான் தலையசைத்தார். வெளியே வந்ததும் விஜயஸ்ரீ அவர் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினார்.

"சுந்தர்தான் அண்ணாச்சி. ரெண்டாம் பிரிவு எலிக்கு இவளோட பட்டைப் பொடியையே ரகசியமாத் தீனியில கலந்திருக்கான். அதான் அதுங்களும் தப்பிச்சிருக்கு. இவ விழுந்தா இவளுக்கு வர்ற உதவித்தொகை அவனுக்குத்தானே?"

"ரெண்டாம் பிரிவுக்கு மட்டும் கலந்திருந்தா, முதல் பிரிவுல கறை எதுக்கு வருது?"

விஜயஸ்ரீ திரும்பி இரண்டாம் அறைக் கதவைப் பார்த்தார்.

"நடந்தது எதுவோ, அது மூணு பிரிவுக்கும் நடந்திருக்கு, வக்கீலம்மா. வாங்க, எலியைப் பாத்துக்கிட்டவரைப் பாப்போம்."

அஃப்சல் தண்ணீர்க் குழாயடியில் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும், பேட்டைக்காரன். மரச்சீவல் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் கையிலிருந்த பாட்டில் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. விஜயஸ்ரீயின் கண்கள் ஒளிர்ந்தன.

"அஃப்சல், மறைக்காமச் சொல்லுங்க. நாளைக்கு எல்லாரும் இருக்கிற இடத்துல கேட்டா அசிங்கமாப் போகும்."

"நான் ஒண்ணும் களவாங்கல அக்கா. எரிக்கச் சொன்னதுலதான் ஒரு மூட்டையை வீட்டுக்குக் கொண்டு போனேன். உம்மா கோழி வளக்காக. கூட்டுல ஈரமா கிடக்குன்னு ஏசிக்கிட்டே இருந்தாக. குப்பைக்குப் போறதுதானேன்னு..." அவன் கட்டடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "பைய பேசுங்கக்கா, வேலை போயிரும்."

விஜயஸ்ரீயின் முகம் விழுந்தது. பூதத்தான் அவன் அருகில் குந்தி அமர்ந்தார்.

"கோழிக்கு நல்லதுதான் செஞ்சிருக்க. எரிக்கச் சொன்னது யாரு?"

"சார்தான். ரிசல்ட் வந்த பொறவு. குழு வருது, இடம் சுத்தமா இருக்கணும்னாக. பிரிக்காத மூட்டையையும் எரிக்கச் சொன்னாக."

"பெயின்ட்?"

"அதுவும் அப்பத்தான். இரும்புல மை கொட்டினாப்ல திட்டுத் திட்டாக் கறுப்பு. கூண்டுல இருந்து தண்ணி வடியுத இடமெல்லாம் அப்படித்தான். துரு இல்ல, துருன்னா தேச்சா போயிருமே. இது போகவே இல்ல."

"அடுத்த அறையில துரு உதிருதே, அதுக்கு ஏன் பெயின்ட் அடிக்கல?"

"அதுக்குச் சொல்லல அண்ணாச்சி."

"சீவல் எந்த மில்லு?"

"இங்கன பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல, இப்ராஹிம் காக்கான்னு ஒருத்தரோட மில்லு. சார் போன்ல சொல்லிட்டாக. நான் வண்டி பிடிச்சுப் போய் ஏத்திட்டு வந்தேன்."

பூதத்தான் எழுந்தார். "வக்கீலம்மா, நீங்க மில்லுக்குப் போங்க. அந்த மூட்டை எந்த மரத்துல வந்ததுன்னு ஒரு கேள்வி. அது போதும். அவர் என்ன சொன்னாலும், ஒண்ணு விடாம எனக்கு வந்து சொல்லணும். நான் அஃப்சலோட கோழியைப் பாத்துட்டு வாறேன்."

மாலையில் இருவரும் அலுவலகத்தில் சந்தித்தபோது, விஜயஸ்ரீ தான் கேட்டு வந்ததைச் சொன்னார். சொன்னபோது அவர் எவரையும் குற்றம் சாட்டவில்லை. அது அவர் வழக்கமன்று. பூதத்தான் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றினார். ஒன்றில் சுந்தரிடம் கேட்டு வாங்கி வந்த உமியையும், மற்றொன்றில் கோழிக்கூட்டிலிருந்து எடுத்து வந்ததையும் போட்டார். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு ஆணியை இட்டு, மூடி வைத்தார்.

மறுநாள் விசாரணைக் குழுவுக்கு ஞானம்பாள் தலைமை தாங்கினார். கல்லூரி முதல்வர், சொல்லை வீணாக்காதவர். பாலசுப்பிரமணியன், சுந்தர், அஃப்சல், முஃபீதா ஆகியோர் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர்.

"மாணவியின் தரப்பில் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்றார் ஞானம்பாள்.

பூதத்தான் துணி சுற்றிய இரண்டு தம்ளர்களையும் மேசைமேல் வைத்தார். ஒன்றின் துணியை விலக்கினார். தண்ணீர் இலேசாக மஞ்சளித்திருந்தது. "இது சுந்தரின் கூண்டுகளில் பரப்பிய பொருள்." மற்றதன் துணியை விலக்கினார். தண்ணீர் எழுதும் மைபோல் கறுத்திருந்தது. "இது முஃபீதாவின் கூண்டுகளுக்காக ஒரு மில்லிலிருந்து வந்த பொருள். இரண்டிலும் ஒரே தண்ணீர், ஒரே வகை ஆணி. இவ்வளவுதான் நான் செய்தது."

பாலசுப்பிரமணியன் புன்னகைத்தார். "இதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. வெள்ளத்தில் சாய்ந்த மரம், எத்தனை நாள் ஆற்றில் ஊறிக் கிடந்ததோ? அப்படி ஊறிய மரம் எதுவானாலும் இரும்பைக் கறுக்கச் செய்யும்."

பூதத்தான் மெதுவாகத் திரும்பினார்.

"ஐயா, நான் மில் என்றுதான் சொன்னேன். வெள்ளம் என்று சொல்லவில்லை. ஆறு என்றும் சொல்லவில்லை. எந்த மில், என்ன மரம் என்பது உங்களுக்குத் தெரியாது என்று நேற்று என்னிடம் சொன்னீர்கள்."

பேராசிரியரின் புன்னகை அப்படியே நின்றது. பிறகு அது அங்கே இருப்பதற்குக் காரணம் இல்லாமற் போயிற்று.

"விளக்கமாகச் சொல்லுங்கள்" என்றார் ஞானம்பாள்.

"இந்த வழக்கில் எல்லாரும் இரண்டாம் பிரிவை மட்டுமே பார்த்தார்கள். நான் முதல் பிரிவைப் பார்த்தேன். மருந்தே பெறாத எலிகளின் கூண்டில் சிவப்புக் கறை. எலிகளோ நலமாக இருந்தன. ஆகவே அந்தச் சிவப்பு மருந்திலிருந்து வரவில்லை. மூன்று பிரிவுக்கும் பொதுவான ஒன்றிலிருந்து வந்தது. பொதுவானவை மூன்று: தீனி, தண்ணீர், கூண்டில் பரப்பிய பொருள். தீனியும் தண்ணீரும் சுந்தரின் அறைக்கும் அவையே. அங்கே எலிகள் எதிர்பார்த்தபடி நோயுற்றன. மருந்தும் சரியாகவே வேலை செய்தது. எஞ்சியது கூண்டில் பரப்பிய பொருள் ஒன்றுதான். அது நனைந்தால் சிவந்த சாறு விடுகிறது. இரும்பில் பட்டால் கறுக்கிறது. துவர்ப்பு மிகுந்த மரப்பட்டையின் குணம் அது."

"வேலம்பட்டையும் கறுக்கும்" என்றார் பாலசுப்பிரமணியன். குரலில் வாதம் இல்லை, பழக்கம்தான் இருந்தது.

"கறுக்கும். அதனால் ஆணியை மட்டும் நான் நம்பவில்லை." பூதத்தான் சட்டைப் பையிலிருந்து உள்ளங்கையளவு பட்டைத் துண்டு ஒன்றை எடுத்து முஃபீதாவின் முன் வைத்தார். வெளிப்புறம் வழவழப்பான சாம்பல், உட்புறம் இளஞ்சிவப்பு. "இது அஃப்சல் வீட்டுக் கோழிக்கூட்டில் இருந்தது. மூட்டையில் சீவலோடு இதுபோல் நிறைய இருக்கிறது. இது என்னவென்று நீங்களே சொல்லுங்கள்."

அவள் அதைத் தொடவில்லை. தொடாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மருதம்" என்றாள்.

"மருதம். வெள்ளத்தில் கரையில் சாய்ந்த மரங்களைப் பேட்டை மில் ஒன்று ஏலத்தில் எடுத்து அறுத்தது. பட்டையும் சீவலுமாக மூட்டை கட்டி இங்கே வந்தது. எலி கடிக்காமல் இராது. தண்ணீர்ப் பாட்டிலோ அதன்மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாம் பிரிவுக்கு நீங்கள் அளந்து கொடுத்ததை, எல்லாப் பிரிவும் அளவில்லாமல் தின்றுகொண்டிருந்தன. மருதத்தை ஆராய்கிறவர்கள், எலிகளை மருதத்தின்மேலேயே படுக்க வைத்துவிட்டு, அது எல்லாருக்கும் பொதுவானது, கணக்கில் வராது என்று விட்டுவிட்டீர்கள். இதுவரை நடந்தது தவறு, குற்றம் அன்று."

"குற்றம் எது?" என்றார் ஞானம்பாள்.

"முடிவுகள் வந்த பின்பு நடந்தது. இரும்பு அடுக்கில் மைபோல் கறுப்புத் திட்டு. மற்றவர்களுக்கு அது அழுக்கு. பட்டைக்கும் இரும்புக்கும் உள்ள இந்தச் சோதனையை ஆண்டுதோறும் வகுப்பில் செய்து காட்டுவதாக முஃபீதா சொன்ன பேராசிரியருக்கோ அது எழுத்து. துருவேறிய அடுக்கை விட்டுவிட்டு, கறுத்த அடுக்குக்கு மட்டும் அவர் பெயின்ட் அடிக்கச் சொன்னார். பிரிக்காத மூட்டையைக்கூட எரிக்கச் சொன்னார். இடம் சுத்தமாக இருப்பதற்கு, பயன்படுத்தாத மூட்டையை எரிக்க வேண்டியதில்லை. மீதியை வக்கீலம்மா சொல்வார்கள்."

விஜயஸ்ரீ எழுந்தார். முந்தைய நாளின் துடிப்பு அவரிடம் இல்லை. "மில்லுக்காரர் முகம்மது இப்ராஹிம்கிட்ட நான் கேட்டது ஒரே கேள்விதான். அந்த மூட்டை எந்த மரம்னு. அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: 'நீங்க ரெண்டாவது ஆளும்மா. போன வாரம் பேராசிரியர் சாரும் நேர்ல வந்து இதையேதான் கேட்டாக. ஆத்தங்கரை மருதம்னு சொன்னேன். ஒண்ணும் பேசாம வண்டியில ஏறிப் போயிட்டாக.'"

பாலசுப்பிரமணியன் கறுத்த தம்ளரைத் தம்மிடமிருந்து தள்ளி வைத்தார்.

"வாங்கியபோது எனக்குத் தெரியாது. அது சத்தியம். உமிக்குப் பதிலாக வேறொன்றை மாற்றினால் விலங்கு நெறிக்குழுவிடம் முதலில் அனுமதி பெற வேண்டும். வெள்ள நேரத்தில் நான் பெறவில்லை. பின்பு தெரிந்தபோது, சொன்னால் இந்தக் கட்டடத்தையே பூட்டுவார்கள் என்று தோன்றியது. என் பணிக்காலம் முழுவதும் இதைக் கட்டுவதில்தான் போயிற்று." அவருடைய மேடைத்தமிழ் அங்கே உடைந்தது. "அவளுக்கு வயசு இருக்குல்லா. எங்கனயாவது போய்ப் பொழச்சுக்குவான்னு நினைச்சேன். எனக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு?"

"எங்கேயும் சேர்க்க மாட்டாங்க சார். உங்களுக்கு அது தெரியும்" என்றாள் முஃபீதா. அவள் குரல் உயரவில்லை. "என் கண்ணைப் பாத்து, சாப்பிட்டியான்னு நேத்துக் கேட்டீங்களே சார்."



அஃப்சல் மேசையின் ஓரத்திலிருந்து தயங்கித் தயங்கி, "அப்போ அந்தக் கோழிகளை என்ன செய்யணும், மேடம்?" என்று கேட்டான். விஜயஸ்ரீக்குச் சிரிப்பு வந்தது. முஃபீதாவின் முகத்தைக் கண்டதும் அடங்கிப்போயிற்று.

ஞானம்பாள் கேட்டார்: "இரண்டாம் சோதனையில் எல்லா எலிகளின் உறுப்புகளும் கெடாமல் இருந்திருக்கின்றன என்றால், மருதம்பட்டை காக்கிறது என்பதற்கு அதையே சான்றாகக் கொள்ளலாமா?"

எல்லாரும் பூதத்தானைப் பார்த்தனர். அவர் முஃபீதாவைப் பார்த்தார். அவளுக்குச் சாதகமான கேள்வி அது. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"கொள்ள முடியாது மேடம்" என்றாள் அவள். "எந்த எலி எவ்வளவு தின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாது. பட்டையாலதான் தப்பிச்சுதுன்னும் உறுதியாச் சொல்ல முடியாது. அந்தச் சோதனை ஒண்ணையும் காட்டல. அவ்வளவு எலியும் வீணாத்தான் செத்துச்சு."

பூதத்தான் தம்ளர்களைத் துணியால் மூடினார். தமக்கு அங்கே இனி வேலை இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

குழு அன்று பிற்பகலே தன் முடிவைத் தெரிவித்தது. முஃபீதா மீதான இரு குற்றச்சாட்டுகளும் தள்ளப்பட்டன; அவளது ஆய்வுப் பதிவு தொடரும். இரண்டாம் சோதனை செல்லாது. முதல் சோதனை பொய்யென்று நிறுவப்படவில்லை. எனினும், மறுபடி செய்து உறுதி செய்யும்வரை அதைச் சான்றாக எவரும் காட்டலாகாது. மறுசோதனை வேறொரு வழிகாட்டியின்கீழ், இயன்றவரை குறைந்த எலிகளோடு நடைபெறும். நடந்ததை விலங்கு நெறிக்குழுவுக்குக் கல்லூரியே தெரிவிக்கும்; அதன் மறுமொழி வரும்வரை கட்டடம் பூட்டப்பட்டிருக்கும்; சுந்தரின் எலிகள் மட்டும் பராமரிக்கப்படும். பாலசுப்பிரமணியன் வழிகாட்டிப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அஃப்சல் மூட்டையை எடுத்துச் சென்றதற்காக அவன்மீது நடவடிக்கை இல்லை.

வெளியான கட்டுரையில் பேராசிரியரின் பெயர் நீடிக்க வேண்டுமா என்று முஃபீதாவிடம் கேட்கப்பட்டது. அந்தச் சோதனையை அவரோடு சேர்ந்துதான் செய்தேன், நடந்ததை மாற்ற முடியாது என்று அவள் கூறினாள். பெயர் நீக்கப்படவில்லை.